பின்னோக்கி இழுத்தவள்

எழுத்துப் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மறதியும் கூடிவிட்டது.

இந்த லண்டனில் ஒரு புதினமான காட்சி. நோயாளருக்கு உடற்பயிற்சி கொடுத்துப் பழக்கப் படிக்கும் பிள்ளைகள், நல்ல கால் உள்ளவர்கள், சக்கர நாற்காலியில் ஏறி மெத்தைமேல் வேண்டுமென்றே மல்லாக்க விழுந்து பழகுகிறார்கள். விழுந்து சிரிக்கிறார்கள். பிறகு கால் வழங்காத என்னை இருத்தி, நடைபாதை விளிம்பால் பின்பக்கமாக இறக்கிப் பழகுவார்கள். போன கிழமை ஒருத்தி, நாற்காலி சாய்ந்திருக்கவே பிடியிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டாள். நான் போட்ட கூச்சலில் டீச்சர் ஓடி வந்து, "பெயின்? பெயின்?" என்று முதுகைத் தடவினா. "நோ பெயின்" என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் இங்கிலீசு இல்லை.

எண்பதுகளில், இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் கல்முனையில்தான் முதன்முதல் நாற்காலியில் ஏறினேன். நாவிதன்வெளியில் அறுவடைக்கு எங்களை ஏற்றிப் போன உழவு மெஷின், டிராக்டர், புரண்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்தவள் செல்வி, மெதடிஸ்தச் சபைக் கிறிஸ்தவப் பிள்ளை. கடற்கரை மணலில் முன்சில்லு, அந்தச் சின்னச் சக்கரம், புதைந்துவிடும். நாற்காலியைச் சாய்த்து, பெரிய சில்லில் பின்னோக்கித்தான் இழுக்க வேண்டும். "என்ன புள்ள, நெல்லு மூட்டையா இழுக்கிறாய்?" என்றால், "மூட்டை இவ்வளவு கதைக்காது ராத்தா" என்பாள்; எங்கள் முஸ்லிம் பேச்சில் அக்கா என்று. அவளைப் பழக்கின மிஸ் ஒன்றையே சொல்லிக்கொண்டிருப்பா: "முன்சில்ல நிலத்தில வைக்காமப் பிடிய விடாத."

அப்படிப் பழகிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் வெடிச்சத்தம் கேட்டது. கடைகள் எரிந்தன. செல்வி என்னை இழுத்துக்கொண்டு கடற்கரையால் ஓடினாள். நான் இருந்தது நெருப்பைப் பார்த்தபடி. மீன்காரர் ஒருவரைத் துவக்குப் பிடியால் அடித்து அடித்து முகமே இல்லாமலாக்கினார்கள். வலைக்குள் ஒளித்த பெண்ணை வலையோடு சேர்த்து வெட்டினார்கள். துவக்கோடு வந்தவர்கள் எந்தப் பக்கத்தார் என்று நான் அறியேன். பிறகு ஒருவன் எங்கள் பக்கம் துவக்கைத் திருப்பினான்.

"குனி புள்ள!" என்று கத்தினேன்.

சுட்டான். நாற்காலி நின்றது. முன்சில்லு இரண்டும் மெல்ல, குழந்தையைக் கிடத்துகிற மாதிரி, மணலில் இறங்கின. மூச்சு வாங்க நிற்கிறாள் என்று நினைத்து, "ஏன்டி நிண்டுட்டாய், இழு!" என்று ஏசினேன். திரும்பினால் அவள் கீழே சரிந்துகொண்டிருந்தாள். கழுத்து இரத்தம் என் முக்காட்டை நனைத்தது.

சுட்டவர்கள் கடைப்பக்கம் ஓடிய பிறகு, எங்கள் ஆட்கள் என்னைத் தூக்கித் தோணியில் போட்டார்கள். அவளுடைய ஆட்கள் அவளைச் சாக்கில் கிடத்தி மற்றப் பக்கம் கொண்டுபோனார்கள். அதோடு நான் ஊரைப் பார்க்கவில்லை.

இங்கே என்னை இறக்குகிற ஒவ்வொரு தரமும் உடம்பு லண்டன் தெருவுக்கு இறங்கிவிடும். கண் அந்த மணலை விட்டு வராது.

கல்முனையில் இதை வாசிக்கிறவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அது வெள்ளியா சனியா என்று நினைவில்லை. பெயர் செல்வியா, செல்வராணியா என்பதும் நிச்சயமில்லை. வெடி கழுத்தில் பட்டது என்று எழுதியிருக்கிறேன். தோளில்தான் பட்டதென்றால், பிள்ளை உயிரோடு இருக்கிறாளென்றால், அதையும் திருத்திவிடுங்கள்.