அடுப்புப் பரணில் கரைந்த மேடு

மலைமேல் இருக்கும் நாகலூரில் எங்கள் வீட்டு விறகடுப்புக்கு நேர் மேலே ஒரு பரண் உண்டு. மழைக்காலத்தில் மலையில் எதை வைத்தாலும் பூசணம் பூத்துவிடும். ராகி விதை, மிளகு, தீப்பெட்டி எல்லாம் அந்தப் பரணில்தான் ஏறும். என் ஆராய்ச்சியைக் கவிழ்த்ததும் அதே பரண்தான்.

சேலத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பாலிமர்களின் வெப்ப ஏற்புத்திறனை அளப்பது என் வேலை. கடுகளவு துண்டை அலுமினியத் தட்டில் வைத்து மெதுவாகச் சூடாக்குவேன். ஒவ்வொரு டிகிரிக்கும் அது எவ்வளவு வெப்பம் கேட்கிறது என்று கருவி கோடு போடும். கண்ணாடி போல் விறைத்திருந்த துண்டு இளகும் இடத்தில் அந்தக் கோடு ஒரு படி ஏறும். நெடுநாள் குளிரில் கிடந்த துண்டாக இருந்தால் படியின் மேல் ஒரு மேடும் வரும். அந்த மேட்டைக் காட்டினால்தான் எனக்குப் பட்டம்.

என்னுடைய பாலிமர் நாற்பது டிகிரியை ஒட்டியே இளகிவிடும். சேலத்து வெயிலில் கரண்ட் போய் ஏசி நின்றால் கதை முடிந்தது. அதனால் துண்டுகளைச் சின்ன பாட்டிலில் மூடி, எப்போதும் குளிராக இருக்கும் ஊரில் வைத்தேன். "இதுல ஈரம் மட்டும் படக்கூடாதுங்கத்தை" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, வார நாட்களில் விடுதிக்குப் போய்விடுவேன்.

மழை ஓய்ந்த பிறகு, பாட்டிலை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, மடியை விட்டு இறக்காமல் பஸ்ஸில் சேலம் போனேன். கருவி படியைப் போட்டது. மேட்டைக் காணோம். எல்லாத் துண்டுகளையும் வைத்துப் பார்த்தேன், ஒன்றிலும் இல்லை. அப்போதுதான் பாட்டில் மூடியின் விளிம்பில் புகைக்கரி கண்ணில் பட்டது.

அன்றே வீடு திரும்பினேன்.

"ஏனுங்கத்தை, பாட்டிலைப் பரண்லயா வெச்சீங்க?"

"ஈரம் படக்கூடாதுன்னியே கண்ணு. அந்த அடமழையில ஊடெல்லாம் ஓதம். ராகி வெதையோட சேத்தி ஏத்தி வெச்சேன். மழை உட்டதும் எறக்கிட்டனே."

கத்தித் தீர்த்துவிட்டேன். அதன் பிறகு பேச்சு நின்றது. அவர் சோறு போட்டார், நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அடுத்த மழை முடியும்வரை பேராசிரியர் அவகாசம் கொடுத்திருந்தார். கோபத்தில் அதைக்கூட வீட்டில் சொல்லவில்லை.

ஒரு மாலை, புதுத் துண்டுகளைச் சுவர் அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே பனி இறங்கியிருந்தது. அத்தை அடுப்படியிலிருந்தே கேட்டார்.

"நொம்ப கோவிச்சுக்கிட்ட. அப்படி என்னதான் கண்ணு கெட்டுப்போச்சு அதுல?"

எரிச்சலோடுதான் சொன்னேன். "குளிர்ல சும்மா கெடந்தா நாளுக்கு நாள் உள்ளுக்குள்ள இறுகிட்டே போகுங்க. கொஞ்சம் சூடு பட்டா போதும், இளகி, இறுகினதே இல்லாத மாதிரி ஆயிரும்."

அவர் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். பக்கத்தில் கிடந்த பலகையை முந்தானையால் துடைத்தார்.

"அப்ப நீயும் சித்த இப்படி அடுப்புக்கிட்ட வந்து உக்காரு சாமி."

அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, போய் உட்கார்ந்தேன்.