விரதத்தோடு விமானம் ஏறினேன்

கந்தசஷ்டிக்கு நான் பச்சைத்தண்ணியும் வாயில் வைக்கமாட்டேன். போன வருசம் அந்த விரதத்தோடும் மூக்கடைத்த தடிமனோடும் கொழும்பிலிருந்து லண்டனுக்குத் தனியத் திரும்பினேன். பிளேன் இறங்கத் தொடங்கியதும் பணிப்பெண் சூப்பத் தந்த டொபியை, கந்தசஷ்டி விரதமென்று சொல்லி வேண்டாமென்றேன். கொஞ்ச நேரத்தில் இடது காதுக்குள் ஊசி குத்தினமாதிரி நோ. பிறகு அந்தக் காது கேட்கவே இல்லை. செவிடாகிப் போனேனோ என்று காதைப் பொத்திப் பொத்தி எடுத்தேன்.

பக்கத்தில் குழந்தைக்குப் பால்போத்தல் கொடுத்துக்கொண்டிருந்த பெண் கண்டுவிட்டாள்.

“அம்மா, மேல பறக்கேக்க உள்ளுக்குக் காத்தழுத்தத்தைக் குறைச்சு வச்சிருப்பினம். இறங்கேக்க அது கூடும். விழுங்கினால்தான் காதுக்குள்ளயும் சமனாகும்; தடிமனெண்டால் இன்னும் அடைக்கும். அதுக்குத்தான் இவனுக்கும் பால் குடுக்கிறன். முருகனோட நான் கதைக்கிறன், நீங்கள் தண்ணியைக் குடியுங்கோ.”

குடித்தேன். நாலாம் மிடறில் காது திறந்தது.

இப்போது தடிமன் இருந்தால் டாக்குத்தரைக் கேட்காமல் பிளேன் ஏறுவதில்லை. விரத நாளுக்கு டிக்கெட் போட மகனை விடுவதுமில்லை.

— ஒரு வாசகி, மிச்சம் (Mitcham) பகுதி, லண்டன்