சிலிண்டருக்குக் காற்று அடிக்கிறவன்

காலை ஆறு மணிக்கு நான் காற்று அடிக்கத் தொடங்குவேன். சைக்கிளுக்கு அல்ல, மனிதர்களுக்கு. மாலத்தீவில் நான் வேலை பார்க்கும் பாய்மரப் படகின் பின்தளத்தில் ஒரு கம்ப்ரசர் இருக்கிறது. இருபத்துநான்கு சிலிண்டர்களை ஒவ்வொன்றாக அதில் மாட்டி, மீட்டரின் முள் இருநூறைத் தொடும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். அவற்றை முதுகில் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் கடலுக்குள் இறங்கி, ஒரு மணி நேரம் மீன் பார்த்துவிட்டு வருவார்கள். பிடிப்பதில்லை, பார்ப்பது மட்டும்தான். ஊரில் இதை விவரமாகச் சொன்னபோது, மீன் பார்ப்பதற்குச் சந்தைக்குப் போனால் போதாதா என்று என் மச்சினன் சூசை கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. ஏழு வருடம் ஆகியும் எனக்கே அது முழுதாகப் பழகவில்லை.

ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. ஜெபினைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால் ஜெபின்மேல் எனக்கு இருக்கும் பொறாமையைப் பற்றியது. வருத்தம், ஆதங்கம் என்றெல்லாம் அதற்கு வேறு பெயர் வைத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை.

நான் இராஜாக்கமங்கலம் துறைக்காரன். ஜெபின் குலசேகரத்துக்காரன். ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரே மாவட்டம்தான், ஆனால் என் ஊர் கடலோரம், குலசேகரம் மலையடிவாரம், சுற்றிலும் ரப்பர் தோட்டம். அவன் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். பள்ளிக்கூடத்தில் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா கூட்டிப்போனபோது பார்த்ததுதான் அவன் பார்த்த கடல். எங்கள் படகின் சமையலறைக்கு ஆள் தேவைப்பட்டபோது அவனைச் சொல்லி எடுத்துவிட்டதே நான்தான். முதல் வாரம் முழுக்க வாந்தி எடுத்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் எடுத்ததால் அதைக் கழுவுகிற வேலையும் எனக்கு வந்தது. நீச்சல்கூட என்னிடம் கற்றதுதான். இன்று அவன்தான் இந்தப் படகின் டைவ் கைடு. விருந்தினர்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போகிறவன். நான் மேலே நின்று அவனுக்கும் காற்று அடித்துக் கொடுக்கிறேன்.

அந்த இடம் எனக்கு வரவேண்டியது. நான் பன்னிரண்டு வயதில் சிப்பி குளிக்க, அதாவது மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுக்க, போனவன். முட்டம் பக்கத்துப் பாறைகளில் கறுத்த சிப்பி அப்பிக் கிடக்கும். இடுப்பில் வலைப்பை, கையில் உளி, நெஞ்சு நிறைய மூச்சு, அவ்வளவுதான் எங்கள் உபகரணம். கலங்கிய தண்ணீரில் கண்ணைவிடக் கைதான் பார்க்கும். ஐந்து பாகம், அதாவது முப்பது அடி ஆழத்தில் பாறையைக் காலால் கவ்விக்கொண்டு பெயர்த்தெடுக்க வேண்டும். மூச்சை விட்டவன் வெறும் பையோடு வருவான். உயிர் போனாலும் வாயைத் திறக்காதே என்பது நாங்கள் நடக்கப் பழகுவதுபோலப் பழகிய ஒன்று. என்னை முந்த அப்போது எங்கள் துறையில் ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

சிலிண்டர் கட்டிக்கொண்டு குளிப்பதற்கு முதல் விதி இதற்கு நேர் எதிரானது. எங்கள் படகின் பயிற்சியாளர் எலேனா தினமும் விருந்தினர்களிடம் சொல்லும் முதல் வாக்கியம், ஒருபோதும் மூச்சைப் பிடிக்காதீர்கள் என்பதுதான். ஆழத்தில் இழுத்த காற்று மேலே வரவர விரியும். வாயை மூடிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் மனப்பாடம் தலையில் இருந்தது, மூச்சு நெஞ்சில் இருந்தது. பயிற்சியின்போது மேலே வரும்படி எலேனா சைகை காட்டினால் போதும், என் வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும். மூன்று முறை என் வயிற்றில் குத்தித்தான் காற்றை வெளியே கொண்டுவந்தாள். மூன்றாம் முறை படகில் ஏறியதும், இனி உன்னை இறக்க மாட்டேன் என்றாள். அதற்கு அடுத்த மாதம் ஜெபின் பயிற்சிக்குப் போனான். சும்மா மூச்சுவிட்டுக்கொண்டு வா என்றார்கள், சும்மா மூச்சுவிட்டுக்கொண்டு வந்தான்.

நீ ஏன் கடலுக்குள் இறங்குவதில்லை என்று ஒரு ஜெர்மன் கிழவர் என்னைக் கேட்டார். சின்ன வயதிலிருந்தே என்று என் ஆங்கிலத்தில் பாதி சொல்வதற்குள் அவர் என் தோளில் தட்டி, கவலைப்படாதே, என் மனைவிக்கும் தண்ணீர் என்றால் சின்ன வயதிலிருந்தே பயம் என்றார். நாலு அடி தள்ளி ஜெபின் அவர் வாயில் கவ்வி மூச்சிழுக்கும் ரெகுலேட்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவன் சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஜெபினின் சிலிண்டரை நூற்றைம்பதில் நிறுத்தினேன். கை தவறி அல்ல. ஒரு நாளாவது அவன் விருந்தினர்களுக்கு முன்னால் காற்று தீர்ந்து முதலில் மேலே வரட்டும் என்று நினைத்தேன். இறங்குவதற்கு முன் அவன் மீட்டரைப் பார்த்ததையும், பிறகு என்னைப் பார்த்ததையும் நான் பார்த்தேன். அவன் மாற்றச் சொல்லவில்லை, இறங்கிவிட்டான். ஒரு மணி நேரம் குமிழிகளைப் பார்த்துக்கொண்டு தளத்தில் நின்றேன். மாதாவே, ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒவ்வொருவராக எல்லோரும் வந்தார்கள். கடைசியாக ஜெபின் வந்தான். அப்போதும் அவன் மீட்டரில் அறுபது மிச்சம் இருந்தது. கடலோடு சண்டை போடாதவனுக்குக் காற்று அவ்வளவு குறைவாகத்தான் செலவாகும்.

சிலிண்டரைக் கழற்றி என்னிடம் கொடுத்தபோது குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அண்ணே, காத்து கொஞ்சம் கொறவாட்டு இருந்துது. சாரமில்ல, பரவாயில்ல."

என்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உனக்கு மட்டும் எப்படிடே வந்தது என்று கேட்டேன். கேட்க நினைத்தது அது அல்ல.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுல்லாண்ணே, அதுகொண்டாக்கும் வந்துது. ஒழிவு நாளைக்கு வாருங்க, கரையோரம் எறங்குவோம். நான் கூட நிக்கேன்."

இறங்கினோம். எலேனாவுக்குத் தெரிந்துதான். நாலு மாதம், படகு ஆட்கள் எல்லோரும் தூங்கும் ஒழிவு நாள் மதியங்களில் பழகினோம், இடுப்பளவு தண்ணீரில் தொடங்கி. கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீர். ஜெபின் எனக்கு எதிரே முட்டிபோட்டு உட்கார்ந்து, ஊதுங்க ஊதுங்க என்று விரலால் காட்டிக்கொண்டே இருப்பான். அவனிடம் கற்றுக்கொள்வது எனக்கு ஒவ்வொரு தடவையும் கசந்தது. ஆனாலும் கற்றேன். பத்துக்கு ஏழு முறை குமிழி விட்டபடியே மேலே வந்தேன். நீ விடுமுறை முடிந்து வந்ததும் இன்னொரு தடவை சோதித்துப் பார்க்கிறேன் என்று எலேனா சொன்னாள். அதுதான் கடைசி வாய்ப்பு என்பதையும் சொன்னாள்.

இப்போது ஊரில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டும். நேற்றுக் காலை சூசையோடு சிறு வள்ளத்தில் சிப்பிக்குப் போனேன். போகாதீங்க, பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று என் மனைவி ரெஜினா சொன்னாள். அதனால்தான் போனேன். பழைய உளி, பழைய வலைப்பை. தண்ணீருக்குள் போனதும் பாறை என் கைக்கு வந்தது. மூன்று சிப்பி பெயர்த்தேன். நாலாவது சற்று மேலே, ஒரு முழ உயரத்தில் இருந்தது. அதை நோக்கிக் காலை உதைத்து எழும்பினேன். கண்முன்னால் ஏதோ வெள்ளையாக உருண்டு போனது. என் குமிழிகள். சேர்த்துவைத்திருந்த மூச்சு முழுவதும் ஒழுங்காக, ஒரே சீராக, ஜெபின் காட்டியபடியே வெளியே போய்க்கொண்டிருந்தது. வாயை மூடச் சொன்னேன். அது கேட்கவில்லை.

வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து இருமிக்கொண்டிருந்தபோது சூசை என் பையைத் தூக்கிப் பார்த்தான். "என்ன மச்சான், மூச்ச பூரா கடலுக்கே குடுத்திட்டு வந்திட்டியளா?"

அவன் கிண்டலாகத்தான் கேட்டான். நீங்க இருங்க, நான் எறங்குதேன் என்று சொல்லிவிட்டு அவன் குதித்தான். கலங்கிய தண்ணீர் அவனை உடனே மூடிக்கொண்டது. ஒரு குமிழிகூட மேலே வரவில்லை. பொறாமைப்பட அங்கே ஒருவன் போதாதென்று இங்கேயும் ஒருவன் வந்துவிட்டான்.

வள்ளத்தில் ஏறித் தனியாக உட்கார்ந்து, சூசை இறங்கிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அவனோடு சேர்ந்து நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் வரும்வரை பிடிப்பது என்று வைராக்கியம் வந்தது. மனதுக்குள் எண்ணினேன். நாற்பது வரை வந்தது. அதற்குமேல் முடியாமல் விட்டுவிட்டேன். சூசை இன்னும் கீழேதான் இருந்தான்.