சின்ன அத்தையை வாளுக்குக் கொடுத்தார்கள்

என் சின்ன அத்தையை ஒரு வாளுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இதைச் சொன்னால் என் பேத்திகள் சிரிக்கிறார்கள். எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

எங்கள் ஜமீன் அரண்மனையில் அப்படி ஒரு வழக்கம். பட்டத்து ராணியைக் கட்டத்தான் ராஜா நேரில் வருவார். மற்றப் பெண்களுக்கு அவருடைய வாள் வரும். வாள் வந்தால் அவரே வந்த மாதிரியாம்! ஆனி மாதத்தில் இலஞ்சியில் எங்கள் வீட்டு வாசலில் பல்லக்கு வந்து இறங்கியது. உள்ளே பட்டு விரிப்பில், சந்தனம் பூசிக்கொண்டு வாள் சாய்ந்திருந்தது.

"ராஜாவே வந்திருக்காருட்டி, விழுந்து கும்பிடு" என்றார் அப்பா என்னிடம்.

நிஜ ராஜா குற்றாலத்தில் சாரல் அனுபவித்துக்கொண்டிருந்தார். குற்றாலம் எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரம். கல்யாணத்தைவிட அருவி பெரிதா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அரண்மனைக் கிழவி ஒருத்தி தாலி கட்டினாள். வாளுக்கும் தலைவாழை இலை போட்டார்கள். அது எப்படிச் சாப்பிடும் என்று கேட்டு அம்மாவிடம் கிள்ளு வாங்கினேன். அப்பாவுக்கோ தலைகால் புரியவில்லை. அரண்மனைச் சம்பந்தம் என்றால் சும்மாவா? தாயில்லாத தங்கை என்ற நினைப்பு அவருக்குத் துளியும் இல்லை.

பல்லக்கில் ஏறும்போது அத்தை என் கையை விடவில்லை. "என்னையப் பாக்க வருவியாட்டி?" என்றாள். வருவேன் என்று சத்தியம் செய்தேன்.

புரட்டாசியில் தசரா வந்தது. அரண்மனையின் முன்வாசல் அன்றைக்குத்தான் ஊருக்குத் திறக்கும். ராஜா ஆயுத பூசை முடித்துக் கொலு மண்டபத்தில் அமர்வார். பாட்டன் பூட்டன் காலத்து முறைப்படி ஊர்ப் பெரியவர்கள் வரிசையில் போய் எலுமிச்சம்பழம் கொடுத்துக் கும்பிடுவார்கள். அத்தையைப் பார்க்கலாம் என்று நானும் அப்பாவோடு ஒட்டிக்கொண்டேன். அந்தப்புரத்துப் பக்கமே போகக்கூடாது என்று காவல்காரன் விரட்டிவிட்டான். அத்தை வீட்டில் அத்தையைப் பார்க்கக்கூடாதா? இது எந்த ஊர் நியாயம்!

எங்கள் முறை வந்தது. அப்பா பழத்தை நீட்டிக் குனிந்தார். நான் நிமிர்ந்து நின்று கேட்டேன்.

"மாமா, எங்க சின்னத்தைய இங்கன வரச் சொல்லுங்க. பாத்துட்டுப் போயிருதேன்."

அப்பா என் முதுகில் ஓர் அறை வைத்தார். அத்தை புருஷனை மாமா என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது?

ராஜா கோபப்படவில்லை. பக்கத்தில் நின்ற காரியஸ்தரிடம், "யாருவே இவ அத்தை?" என்றார்.

காரியஸ்தர் குனிந்து காதில் ஏதோ சொன்னார்.

"ஓ, அப்படி ஒருத்தி வந்திருக்காளா?" என்று சிரித்துவிட்டு ராஜா அடுத்த பழத்துக்குக் கை நீட்டினார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

மாமா நன்றாக வேடிக்கை பேசுகிறார், அத்தை கொடுத்துவைத்தவள் என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அம்மா சோற்றுப்பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அப்பா பசியோடு படுத்தார். பாவம், அவர் என்ன செய்தார் என்று அம்மாமேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.