வெளுத்த செவுள்

மீன் வண்டிக்காரர் தெர்மாகோல் பெட்டியைத் திறந்ததும் முகத்தில் அடித்தது ஐஸின் குளிர்தான். மீன் வாடையே இல்லை.

கடலோரத்து நொச்சிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குள் ஐஸ் மீன் வந்ததில்லை. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். கரையேறியதும், ஏலத்துக்கு முன்பே, குழம்புக்கென்று சங்கரா மீனை அம்மாவின் கூடையில் போட்டுவிடுவார். மணல் ஒட்டிய விரலால் செவுளைத் தூக்கி ரத்தச் சிவப்பைக் காட்டுவார். ஒருமுறை பக்கத்து வீட்டு அத்தை ஐஸ் மீன் கொடுத்தனுப்பியபோது நைனா கத்தினார்: "பொணத்த இன்னாத்துக்கு சட்டியில போட்ற? நாய்க்குப் போடு!"

இப்போது, குப்பத்தைக் காலி செய்து அரசாங்கம் எங்களைக் கொண்டுவந்து போட்ட, கடலே தெரியாத எட்டாவது மாடியில் படுத்திருக்கிறார். "ஃப்ரெஷ் மீனா குடுங்க, உடம்பு தேறும்" என்றார் மயிலாப்பூர் டாக்டர்.

வண்டிக்காரரிடம் வாங்கியதை, ஐஸ் தெரியாதபடி கழுவிக் காட்டினேன். நைனா பழக்கத்தில் செவுளைத் தூக்கினார். வெளுத்திருந்தது. கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தினால் தேவலை என்றிருந்தது.

செவுளை மெல்ல மூடினார்.

"நல்லா கீதும்மா," என்றார். "கொயம்பு வையி."