வெனிஸில் கொளுத்திய மெழுகுவர்த்தி

பஹ்ரைனில், ஈசா டவுனில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு நான் டிரைவர். மேடத்தின் அப்பாவுக்கு நடக்க முடியாது. அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ள ஆள் வேண்டும் என்றுதான் என்னையும் வெனிஸுக்குக் கூட்டிப்போனார்கள். ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். விசா ஃபாரத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே தூக்கம் போய்விட்டது. எப்போதும் முதலாளி கையில் இருக்கும் என் பாஸ்போர்ட் பத்து வருஷத்தில் முதல் தடவையாக என்னிடமே இருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வெனிஸில் கார் போகிற ரோடே கிடையாது. எங்கு திரும்பினாலும் கால்வாய், அதன் மேல் படி வைத்த பாலம். ஒவ்வொரு பாலத்திலும் போகிறவர் வருகிறவரிடம் கைகூப்பி நாற்காலியைத் தூக்கினோம். வழுக்கினால் பெரியவர் தண்ணீருக்குள், நான் ஜெயிலுக்குள் என்றே நினைப்பு.

"நாலு பேர் தூக்குறதுக்கு நான் இன்னும் சாகலையேப்பா" என்றார் பெரியவர், உச்சிப்படியில்.

"அப்பா, பேசாம வாங்க" என்றார் மேடம்.

மூன்றாம் நாள், கண்ணாடி ஊதும் தீவுக்குப் போகப் படகுத்துறைக்கு வந்தோம். ஒரே கூட்டம், எல்லார் கையிலும் செவ்வந்தி. அப்போதுதான் தேதி உறைத்தது. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். வழியில் படகு நிற்கும் தீவு முழுக்கக் கல்லறைத் தோட்டம்தானாம்.

எங்கள் குமரிக் கடற்கரையில் அன்றைக்கு எல்லாக் குடும்பமும் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்தும். எங்கள் வீட்டில் மட்டும் ஆறு வருஷமாகக் கொளுத்துவதில்லை. அண்ணனுக்கு விசா வாங்கி பஹ்ரைனில் மீன்பிடி லாஞ்சில் ஏற்றிவிட்டவன் நான். மூன்று பேர் போன லாஞ்ச் காற்றில் கவிழ்ந்தது. இரண்டு உடம்புதான் கிடைத்தது, அண்ணனுடையது கிடைக்கவில்லை. மதினி தாலியைக் கழற்றவில்லை. கடல் எல்லை தாண்டிட்டாரென்று ஈரான்காரன் பிடித்து ஜெயிலில் வைத்திருப்பான், எப்படியும் வருவார் என்பாள். "உடம்பப் பாக்காம எவனாவது அவருக்கு மெழுகுத்திரி கொளுத்துனா, அவன் எனக்குச் சொந்தக்காரன் இல்ல" என்று அப்போதே சொல்லிவிட்டாள்.

துறையோரப் பூக்கடையில், சிவப்புக் கூட்டுக்குள் வைத்த மெழுகுவர்த்தி ஒன்றை வாங்கினேன். ஏன் வாங்குகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"கூட்டம் இறங்குற எடத்துல நாமளும் இறங்கிப் பாப்போமே" என்றார் பெரியவர்.

செங்கல் மதிலுக்குள் நெடுநெடுவென்று மரங்கள், வரிசையாகக் கல்லறைகள். ஓரமாக ஒன்றில் பூவே இல்லை, பேரும் தேய்ந்திருந்தது. அதன் முன்னால் முழங்கால் போட்டேன். மூன்று தீக்குச்சியைக் காற்று தின்றது, நாலாவது பற்றியது. மரித்தவர்களுக்கான ஜெபத்தில் அண்ணன் பேரைச் சேர்த்தபோது, நானே அவனைக் கடலில் தள்ளிவிட்டது போல இருந்தது.

"அண்ணே, படகு வந்துருச்சு" என்று மேடம் என்னைக் கூப்பிட்டார்.

கண்ணாடித் தீவில் உலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. மதினி. ஆபத்துக்கு உதவட்டும் என்று மேடத்தின் நம்பரை நான்தான் அவளுக்குக் கொடுத்திருந்தேன். மேடம் பெரியவரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறார். அவருக்குப் பின்னால், முழங்காலில் நான்.

"யாருக்குக் கொளுத்துன?"

"இங்க எல்லாரும் கொளுத்துறாங்க மதினி, அதான் சும்மா..."

"சும்மா முட்டுப்போடுற ஆளா நீ? பூசைக்கே கடைசி வரிசைல நின்னுட்டு ஓடுறவன்."

வெளியே வந்து சுவரோரம் நின்றேன்.

"அண்ணனுக்குத்தான் மதினி."

போனை வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. இனி இந்த ஜென்மத்தில் என்னோடு பேசமாட்டாள், பிள்ளைகளையும் பேச விடமாட்டாள் என்று மனசு எங்கெங்கோ போயிற்று.

"அணையாம எரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

நான் பார்க்கவில்லை. படகு போய்விடுமோ என்ற பயத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

"எரிஞ்சுது" என்றேன்.

அவள் அழத் தொடங்கினாள். ஆறு வருஷத்தில் அவள் அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான்.