மாமியின் ரீவி கேம்

என் மகளின் கேம் பெட்டிக்குப் போன மாதம் ஒரு வருத்தம் வந்தது. அவள் கைப்பிடியைக் கீழே வைத்த பிறகும் திரையில் நிற்கிற ஆள் தன்பாட்டில் இடப்பக்கமாக நடந்துகொண்டே இருந்தான். வாங்கி இரண்டு வருடம் ஆகவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பையன் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "கைப்பிடி புதுசுதான் எடுக்கவேணும் ஐயா. பெட்டியும் கடுமையாச் சுடுது, கனநாள் தாங்காது" என்றான்.

"கழட்டிப் பாக்க ஏலாதோ?"

"கழட்டலாம். பிறகு பூட்டேலாது" என்று சிரித்தான்.

நான் குனிந்து, பெட்டியின் பின்பக்கம் காற்று வருகிற இடத்தில் மூக்கை வைத்துப் பார்த்தேன். அந்தப் பையன் என்னைப் பற்றி என்ன நினைத்தானோ தெரியாது. சூடேறிய பிளாஸ்ரிக் மணம். அந்த மணத்தை நான் சும்மா முகர்ந்துவிட்டுப் போக முடியாது. அதற்குக் காரணம் பருத்தித்துறையில் இருந்த என் மாமி.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை வருவார், இரண்டு மாதம் நிற்பார். பிள்ளைகள் இல்லை. மாமி பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். கரும்பலகைக்கு முன்னால் நின்றால் கடைசி வாங்கிலில் கொட்டாவி விடுகிறவனையும் கண்டுபிடித்துவிடுவார். எண்பத்தெட்டாம் ஆண்டு லீவில் வந்தபோது மாமா சிங்கப்பூரில் வாங்கிய ஒரு ரீவி கேம் பெட்டியைக் கொண்டுவந்தார். எனக்கென்று நினைத்து நான் துள்ளிக் குதித்தேன். அவர் மாமிக்குத்தான் கொண்டுவந்தார்.

இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். பின்னேரம் தேத்தண்ணி குடித்து முடிந்ததும், அயலட்டை காணக்கூடாதென்று முன்கதவைச் சாத்திவிட்டு, இருவரும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து விளையாடுவார்கள். பெட்டியில் செருகுகிற கசற்றுகளில் துப்பாக்கியால் சுடுகிற விளையாட்டு ஒன்றும் இருந்தது. மாமி அதைத் தொடமாட்டார். "உது வெளியிலை நடக்கிறதே காணும்" என்பார். ஏணியில் ஏறிப் பழம் பொறுக்குகிற ஒன்றுதான் அவருக்குப் பிடித்தது. திரையில் ஆள் பாயும்போது மாமியும் பாயிலிருந்து ஒரு சாண் எழும்புவார். மாமா விழுந்து விழுந்து சிரிப்பார். மாமா கப்பலுக்குப் போன பிறகு மாமி தனியாக விளையாடினார். நான் போனால் எனக்கும் ஒரு முறை கிடைக்கும்.

பழைய பெட்டிகள் எல்லாம் இரும்பு, இப்போது வருவதெல்லாம் குப்பை என்று சொல்லப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். அதுவும் அடிக்கடி பழுதாகத்தான் செய்தது. கடற்காற்றில் கசற்றின் செப்புப் பற்கள் பச்சை பிடிக்கும். மாமி கொப்பி அழிக்கிற ரப்பரால் தேய்த்து, ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணி தொட்டுத் துடைப்பார். ஒருமுறை உள்ளே எறும்பு கூடு கட்டியது. ஒருமுறை அலுமாரி மேலிருந்து விழுந்து மூலை வெடித்தது. நாலு ஆணியைக் கழற்றுவோம், ஊதுவோம், பூட்டுவோம், வேலை செய்யும். அதன் உடம்புக்கு உள்ளே போய்வரலாம், அவ்வளவுதான் வித்தியாசம். அப்படிப் போய்வந்து பழகியதால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணமும் வந்துவிட்டது.

தொண்ணூறில் சண்டை மூண்டு ஊருக்கே கரண்ட் போனது. பெட்டியை மாமி தலையணை உறையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தார். கடிதங்களும் குறைந்தன. ஒருமுறை எட்டு மாதத்துக்குப் பிறகு மாமாவின் கடிதம் ஒன்று வந்தது. அதன் கடைசி வரியை மாமி எனக்கு வாசித்துக் காட்டினார்: 'இப்பவும் விளையாடுகிறீரா? என்னுடைய புள்ளிக் கணக்கை முந்திவிட்டீரா?'

"அந்த மனுசனுக்கு இஞ்சை கரண்ட் இல்லை எண்டதே தெரியாது போலை" என்று மாமி சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். "ஓம், விளையாடுறன் எண்டு எழுத ஆசையாக் கிடக்கு."

நான் அப்போது உயர்தரத்தில் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயது. "பற்றறியிலை போடலாம் மாமி" என்றேன்.

பெற்றோல் இல்லாமல் அயலில் ஒரு கார் ஓடாமல் நின்றது. அதன் பற்றறியைக் கேட்டு வாங்கி, கரண்ட் எடுக்கிற எஞ்சின் வைத்திருந்த ஒருவரிடம் சார்ஜ் பண்ணி, சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்தேன். மாமி வீட்டுச் சின்னக் கறுப்பு வெள்ளை ரீவி பற்றறியில் ஓடும். கேம் பெட்டிக்குப் பன்னிரண்டு வோல்ற் கூட. அதைக் குறைக்க ஒரு பகல் முழுக்க யோசித்து, பற்றறியின் ஆறு அறைகளில் ஐந்திலிருந்து மட்டும் வயர் இழுத்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பெட்டிக்குள் செருகுகிற முனையில் எந்த வயர் உள்ளுக்கு, எந்த வயர் வெளியில் என்பதை மட்டும் பார்க்கவில்லை. ரீவிக்கு உள்ளுக்குக் கூட்டல், வெளியில் கழித்தல். இதற்கும் அப்படித்தான் இருக்கும் என்று கொழுவினேன். இந்தப் பெட்டிக்கு அது மறுதலை. முன்பு கரண்டில் கொழுவுகிற அடப்ரரின் முதுகில் சின்னப் படமாகவே அது போட்டிருந்தது.

மாமி நல்ல சேலை உடுத்தி வந்து பாயில் இருந்தார். நான் சுவிச்சைத் தட்டினேன். ஒரு சின்னச் சத்தம், பிறகு அந்த மணம். வெடித்த மூலையால் நூல் போலப் புகை வந்தது.

"என்னடா தம்பி?"

"கனநாள் கிடந்த சாமான் மாமி. உப்புக் காத்து. உள்ளுக்குப் பழுதாப் போச்சு" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

அடுத்த நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு நல்லூருக்குச் சைக்கிள் மிதித்தேன். நீர்வேலி வாழைத்தோட்டங்களைத் தாண்டும்போது ஆமியின் ஹெலி ஒன்று தாழப் பறந்து வந்தது. வாழைகளுக்குள் புகுந்து பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். நல்லூரில் ரேடியோ திருத்துகிறவர் ஒருவர் திறந்து பார்த்தார். ஒரு துண்டை மாற்றினார். பிறகு நடுவில் இருந்த கறுப்புச் சிப்பைக் காட்டி, "மூளை எரிஞ்சுபோச்சு. உதுக்கு நான் எங்கை போறது? ஆர் வயரை மாறிக் குடுத்தது?" என்று கேட்டார்.

"தெரியாது அண்ணை" என்றேன். அது இரண்டாவது பொய்.

இனித் திருத்த முடியாதாம் என்று மாமியிடம் சொன்னேன். மாமாவுக்குக் கடிதம் எழுதி ஒட்டித் தந்தார். கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் நான்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதில் வர ஐந்து மாதம் ஆனது. அதற்குள் மாமியின் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது, புதிது செய்ய வழியில்லை. என்னை வாசிக்கச் சொன்னார்.

முதல் பக்கத்தில் சுகம் விசாரித்திருந்தார். இரண்டாம் பக்கத்தில்: 'ஒரு சாமானைப் பத்திரமாக வைத்திருக்கத் தெரியாதா? பற்றறியில் கொழுவும்படி உமக்கு யார் சொன்னது? படித்தவர் என்று பெயர்தான். நான் கஷ்டப்பட்டு அனுப்புகிறதன் அருமை உமக்கு ஒருநாளும் விளங்காது.'

நான் நிறுத்திவிட்டேன்.

"மிச்சத்தையும் வாசி."

மிச்சத்தில் கப்பலில் கிடைக்கிற சோற்றைப் பற்றியும் ஏதோ ஒரு துறைமுகத்து மழையைப் பற்றியும் இருந்தது. வாசித்து முடித்துவிட்டுக் கேட்டேன்: "நீங்கள் கொழுவினதெண்டு ஏன் மாமி எழுதினனீங்கள்?"

"உன்னைப் பேசினா நீ தாங்கமாட்டாய். என்னை அவர் பேசிறது புதுசே?"

"வயரை நான்தான் மாறிக் குடுத்தனான்."

"அது அண்டைக்கு உன்ரை முகத்திலையே தெரிஞ்சது" என்றார் மாமி. "கடிதத்தை உந்த பிஸ்கற் ரின்னுக்குள்ளை வை."

அன்றைக்கே மாமாவுக்கு நாலு பக்கத்தில் எழுதினேன். வயரைப் பற்றி, பொய்யைப் பற்றி, மாமி நல்ல சேலை உடுத்தி வந்து இருந்ததைப் பற்றி. மூன்று நாள் அலைந்து, கொழும்புக்குப் போகிற ஓர் ஆசிரியரைப் பிடித்துக் கையில் கொடுத்தேன். அவர் தபாலில் சேர்த்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.

மாமாவிடமிருந்து வேறு கடிதம் வரவில்லை. மூன்று மாதம் கழித்து அவரோடு வேலை செய்த ஒருவர் எழுதியிருந்தார்: எஞ்சின் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை. பெயர் வாயில் நுழையாத ஒரு துறைமுகத்தில் எல்லாக் காரியத்தையும் முடித்துவிட்டார்கள். ஆக, மாமி வீட்டுக்கு வந்த கடைசிக் கடிதம் நான் வாசித்த அந்தக் கடிதம்தான். நான் செய்த பிழைக்கு மாமி வாங்கிய பேச்சு.

ஒரு வருடம் கழித்து மாமாவின் சாமான்கள் ஒரு பெட்டியில் வந்து சேர்ந்தன. அவர் போட்ட இரண்டு களுசான், ஒரு சவரப் பெட்டி, மாமி எழுதிய கடிதங்கள் எல்லாம் திகதி வரிசையில் கட்டிய ஒரு கட்டு. நான் அந்தக் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என்னுடைய கடிதம் இல்லை. திரும்பவும் பார்த்தேன். மாமி என் கையைப் பிடித்துக் கட்டை வாங்கிக்கொண்டார்.

"உன்ரை கடிதத்தை வாசிச்சுப்போட்டுச் சட்டைப் பையுக்குள்ளை வைச்சிருப்பர். அந்தச் சட்டையோடைதான் போயிருப்பர்" என்றார்.

கணித ரீச்சர். நிறுவாத எதையும் ஏற்காதவர். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தபோது மாமியின் வீட்டில் நாலு குடும்பங்கள் வந்து இருந்தன. ஒரு பெண் குழந்தை, எரிந்துபோன அந்தக் கேம் பெட்டியை வைத்துக் கடை விளையாட்டு விளையாடியதைக் கண்டேன். அதற்குப் பிறகு ஆமி அங்கேயும் வர, அந்த நாலு குடும்பங்களோடு மாமியும் வெளிக்கிட வேண்டி வந்தது. வன்னியில் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் செத்துப்போனார். நான் அப்போது கொழும்பில் இருந்தேன்.

சண்டை நின்று பாதை திறந்த பிறகு பருத்தித்துறைக்குப் போனேன். வீட்டுக்குக் கூரை இல்லை. அலுமாரி நின்ற சுவரில் அதன் அளவுக்கு ஒரு வெளிறிய சதுரம் மட்டும் இருந்தது. உடைந்த ஓடுகளைக் காலால் தள்ளித் தள்ளி அந்தக் கடிதக் கட்டைத்தான் தேடினேன், இன்னொருமுறை பார்த்தால் என் கடிதம் அதற்குள் இருக்கும் என்பதுபோல. மாமி கையோடு கொண்டுபோனாரோ, கொண்டுபோய் எந்த இடத்தில் விட்டாரோ. அந்த நாலு குடும்பங்களில் ஒருவரைப் பல வருடம் கழித்துக் கண்டபோது கேட்டேன். அவருக்கு மாமியின் முகம் நினைவிருந்தது. கையில் என்ன வைத்திருந்தார் என்று நினைவில்லை.